லெதர் சோலும் கல்லறைப் பாசியும்

ஆம்பூர்,
அக்டோபர் 9

அன்பு மகள் ஜெஸிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நான் சுகம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். அப்பாவும் சுகம் என்று எழுதினால் பொய். போனில் சொல்ல முடியவில்லை, ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், அதனால்தான் கடிதம்.

போன சனிக்கிழமை அப்பா கல்லறைத் தோட்டத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். பயப்படாதே, எலும்பு முறியவில்லை. கல்லறைத் திருநாளுக்கு மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது, அதற்குள் உன் தம்பி நெல்வின் கல்லறையில் பாசி சுரண்டி வெள்ளை அடிக்க வேண்டும் என்று தூறலிலேயே கிளம்பினார். திரும்பி வந்தவர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை, வேட்டியின் பின்பக்கம் பச்சைப் பச்சையாக இருந்ததைப் பார்த்து நான்தான் பிடித்தேன். மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற கதைதான், பாசி ஒட்டிவிட்டது. ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் அல்லவா, இடுப்பு முழுக்கக் கத்திரிக்காய் நிறத்தில் கன்றிக் கிடக்கிறது. எழுபத்து மூன்று வயதில் இன்னொரு தடவை விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும், மழைக்காலம் முடிகிறவரை ஜாக்கிரதை என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். எல்லாம் அந்த ஷூவால் வந்தது. ரிட்டயர் ஆனபோது கம்பெனியில் கொடுத்த லெதர் சோல், ஈரத்தில் கால் நிற்குமா? ரப்பர் சோல் போடுங்கள் என்றால், முப்பத்தெட்டு வருஷம் லெதர் சோல் வெட்டுனவன் ரப்பர் போட்டுக்கினு நடந்தா ஆம்பூர்ல இன்னா பேசுவாங்க என்று பாய்கிறார்.

எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதை எழுதுவதற்குள் மூன்று தடவை வாசலுக்குப் போய்விட்டேன், பால் வாங்கப் போனவரை இன்னும் காணோம். பாத்ரூமில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் கதவைத் தட்டுகிறேன். நீ சொன்ன காய்ச்சல் தடுப்பூசியை நான் போட்டுக்கொண்டேன், அவர் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்கிறார். இந்த வருஷம் ஆள் வைத்து வெள்ளை அடிக்கலாமே என்று நேற்றுச் சொன்னேன். அவன ஆள் கைல வுட முடியுமா புஷ்பம் என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அஹமது பாஷா அண்ணன் கம்பெனி விஷயமாக அங்கே வருகிறார், அவரிடம்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் திரும்பும்போது பிடிப்பான ரப்பர் சோல் ஷூ ஒன்று வாங்கிக் கொடுத்துவிடு. நான் வாங்கினால் தொடமாட்டார், மகள் அனுப்பியது என்றால் ஊர் முழுக்கக் காட்டிக்கொண்டு நடப்பார். போனில் திட்டாதே, திட்டினால் அடுத்த முறை வேட்டியைத் துவைத்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். திருநாளுக்குப் போகவேண்டாம் என்று இனி சொல்லமாட்டேன், கையைப் பிடித்துக்கொண்டு நானும் போகிறேன். நெல்வினை அங்கே மண்ணில் விட்டுவிட்டு வந்தபோது திரும்பி நடக்க இவர் கை இருந்தது ஜெஸி. இவரையும் விட்டுவிட்டு வர என்னால் ஆகாது.

கர்த்தர் உங்கள் மூவரையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஷூ எட்டாம் நம்பர், மறந்துவிடாதே.

உன் அம்மா,
ஜெயபுஷ்பம்