கிழக்குப் பிரிவுக் கதவு

மார்ச் 4, செவ்வாய். காலை 10.40. கதவுகள் முப்பத்தெட்டு.

இந்த மருத்துவமனையில் எந்தக் கதவுக்கு எந்தப் பூட்டு, எங்கே கேமரா என்று திட்டமிட என்னை அமர்த்தி இரண்டு மாதம். முப்பத்தேழு கதவுக்கு முடிவு செய்தாயிற்று. மிச்சம் ஒன்று, முதியோர் வார்டில், கிழக்கு மேற்குப் பிரிவுகளுக்கு நடுவில். எப்போது போனாலும் நாற்காலி முட்டுக்கொடுத்துத் திறந்தே கிடக்கிறது. போன மாதம் கிழக்கு வாசலில் நுழைந்த திருடன் இதன் வழியாகத்தான் மேற்கிலும் புகுந்தான்.

நர்ஸ் அக்காவிடம் கேட்டேன்.

“மூடினா ஆகாது தம்பி.”

“ஏன் ஆகாது? கதவுன்னா மூடத்தான்.”

“நீ படிச்ச கதவு வேற, இது வேற.” யாரோ கூப்பிட, போய்விட்டார்.

‘ஒழுங்கீனம்’ என்று குறித்தேன். தானே மூடிக்கொள்ளும் தடித்த கதவு, கார்டு பூட்டு, முப்பது நொடி திறந்திருந்தால் அலாரம்.

மார்ச் 11

மாட்டியாயிற்று. முதல் நாள் நான்கு அலாரம். இன்று ஒன்றுகூட இல்லை. கச்சிதம்.

மார்ச் 14, வெள்ளி

மதியம் கிழக்குப் பிரிவுப் பெரியவர் ஒருவர் குளியலறையில் விழுந்துவிட்டார். முக்கால் மணி நேரம் கூப்பிட்டிருக்கிறார். இடுப்பெலும்பு முறிவு.

மார்ச் 15

நிர்வாகி கூப்பிட்டார். “உங்க கார்டு பூட்டுப் பதிவுலயே இருக்கே. முக்கால் மணி நேரம் அந்த நர்ஸம்மா கார்டு கதவுல படவே இல்ல. அதை அறிக்கையா கொடுங்க, மீதிய நாங்க பாத்துக்கறோம்.”

மீதி என்றால் அக்காவை வேலையை விட்டு அனுப்புவது.

படவில்லைதான். பதிவு பொய் சொல்லாது. ஆனாலும் எழுதுமுன் வார்டில் போய் நின்று பார்க்க வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு

மதியம் முழுக்க வார்டில் நின்றேன். இருபத்தாறு கட்டிலுக்கு ஒரே நர்ஸ். மேற்கில் ஊசி போட்டுக்கொண்டே கிழக்கைக் காதால் பார்த்துக்கொள்கிறார் — இருமல், கட்டில் கிறீச்சிடுவது, முனகல். கதவை மூடிவிட்டு நின்று பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை.

அடப்பாவி. நான்தானே மூடினேன்.

“அன்னைக்கே ஏன்க்கா சொல்லல?”

“எங்கப்பா சொல்ல விட்ட? கேள்வியும் நீயே, பதிலும் நீயே.”

மார்ச் 17

கதவுதான் காரணம் என்று நிர்வாகியிடம் வாயால் சொல்லிப் பார்த்தேன். “உங்க தப்புன்னு நீங்களே எழுதினா புதுக் கட்டட வேலைய உங்களுக்கு எப்படித் தர்றது? யோசிங்க.”

யோசித்தேன். நிறையவே.

மார்ச் 18, காலை 9.15

அறிக்கை கொடுத்துவிட்டேன். காரணம்: கதவுத் தேர்வில் பிழை. தேர்ந்தெடுத்தவன் நான். நிர்வாகி இரண்டு முறை படித்தார். என் கார்டை மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அக்காவை நீக்கவில்லை; இன்றும் மதிய ஷிப்ட் போட்டிருக்கிறார்கள்.

இனி:

1. மாற்றுத் திட்டம் எழுதி அனுப்புவது. நடுக்கதவு திறந்தே இருக்கட்டும், பூட்டு கிழக்கு வாசலுக்கு. வாங்கிக்கொள்வார்களோ, கிழிப்பார்களோ.
2. மற்ற முப்பத்தேழும் நான் யாரையும் கேட்காமல் முடித்தவை. அங்கங்கே வேலை செய்கிறவர்களிடம் போனிலாவது கேட்பது.
3. வேலை தேடுவது.
4. பெரியவரின் மகனை நேரில் பார்ப்பது. கதவைப் பற்றிச் சொல்வது. அவர் என்ன சொன்னாலும் குறுக்கே பேசாமல் கேட்பது.