ஷட்டர் திறந்திருந்த நேரம்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் குப்பை வைக்கப் போனபோது எதிர்வீட்டுத் தையல்காரர் கூப்பிட்டார். "சார், உங்க கார் ஷெட் ராத்திரி பூரா தெறந்து கெடந்துச்சு. ஒரு பூனை உள்ள போறதும் வெளிய வர்றதுமா இருந்துச்சு. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்." பார்த்துக்கொண்டே இருந்தவர் ஒரு போன் போட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஷெட்டில் கார் மட்டும் என்றால் போகட்டும் என்று விடலாம். உள்ளே அலமாரியில் ஆபீஸ் எடைக்கற்கள் இருக்கின்றன. இருபது கிலோ முதல் ஒரு கிராம் வரை, ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் உண்டு. கடை, ஆலை, கிடங்கு என்று போய்த் தராசுகளைச் சோதிப்பது என் வேலை. அந்தக் கற்களில் ஒன்று காணாமல் போனால் நான்தான் கைகட்டி நிற்க வேண்டும்.

காரை எடுத்துப் போவது மகள். நான் ஆபீஸ் வேனில் போகிறேன். ஆகவே ஷட்டரை மூடாதது யார் என்பதில் குழப்பம் இல்லை. "ஏம்மா மூடல?" என்று கேட்டால் முடிந்தது. ஆனால் நாங்கள் பேசி நாற்பது நாள் ஆகிறது.

மார்ச் 5, வியாழன்

சென்சார் வாங்கிவந்து பொருத்தினேன். இரண்டு துண்டு. காந்தம் ஷட்டரின் அடியில், மற்றது சுவரில். இரண்டும் பிரிந்தால் போனில் "திறந்தது", சேர்ந்தால் "மூடியது". நேரமும் வருகிறது. பத்து நிமிடத்துக்கு மேல் திறந்திருந்தால் மணி அடிக்கும்படி வைத்திருக்கிறேன்.

பத்து முறை திறந்தேன், பத்து முறை மூடினேன். இருபதும் சரி. தாமதம் மூன்று விநாடி. ஏற்கலாம்.

குனிந்து காந்தத்தை ஒட்டிக்கொண்டிருந்தபோது மகள் வந்தாள். பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 6, வெள்ளி

6.41 திறந்தது. 6.52 மூடியது. பதினோரு நிமிடம்.

காரிலிருந்தே ரிமோட்டில் திறப்பாள். வீட்டுக்குள் வரும்போது உள்கதவு ஓரத்துச் சுவிட்சைத் தட்டினால் ஷட்டர் இறங்கும். காரை நிறுத்தி, பையை எடுத்து, சுவிட்சைத் தட்ட இரண்டு நிமிடம் போதும். நான் நடந்து பார்த்தேன். ஒன்றே முக்கால்.

மார்ச் 8, ஞாயிறு

மனைவி போன் செய்தாள். வேறு ஊர் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். மாற்றலாகிப் போய் ஒரு வருடம் ஆகிறது, இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. "ரெண்டு பேரும் பேசினீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "ஒரே வீட்ல இருந்துக்கிட்டு இது என்னங்க கூத்து?" என்றாள்.

கூத்துக்குக் காரணம் நான்தான், அதை இங்கே எழுதிவிடலாம். மகள் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு மிருக ஆஸ்பத்திரியில் உதவியாளராகச் சேர்ந்தாள். என்னிடம் சொன்னது சேர்ந்த பிறகு. அன்று அவளோடு வேலை செய்யும் பெண்ணும் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் எதிரிலேயே கேட்டேன்: "மூணு வருஷம் படிச்சது நாய் குளிப்பாட்டத்தானா? நீ எதையாவது உருப்படியா முடிச்சிருக்கியா?" வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அந்தப் பெண் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

மார்ச் 9, திங்கள்

6.38 – 6.57. பத்தொன்பது. மணி அடித்தது.

மார்ச் 10, செவ்வாய்

இருபத்தாறு நிமிடம். பதினைந்தாவது நிமிடத்தில் இறங்கிப் போனேன். உள்கதவில் ஒரு சிறு கண்ணாடி உண்டு. அதன் வழியாகப் பார்த்தேன். இன்ஜின் ஓடவில்லை, விளக்கு இல்லை. ஓட்டுநர் இருக்கையில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். தூங்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தாள்.

சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அவளுக்கு மறதியும் இல்லை, கவனக்குறைவும் இல்லை. உள்ளே வரப் பிடிக்கவில்லை. உள்ளே இருப்பது நான் ஒருவன்தான். போட்ட சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

மார்ச் 11, புதன்

ஒரு யோசனை. சிரிக்க வைத்துவிட்டால்?

தேறாத தராசுகளில் ஒட்ட எங்கள் ஆபீஸில் சிவப்புச் சீட்டு உண்டு. ஒன்றை எடுத்து எழுதினேன். கருவி: ஷட்டர். அனுமதி: 10 நிமிடம். பிழை: +16 நிமிடம். முடிவு: தேறவில்லை. கீழே என் கையெழுத்து. வேனில் வரும்போது ஓட்டுநரிடம் காட்டினேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. வாய் மூடவே மூடாது. சீட்டைப் படித்துவிட்டு ஒரு நிமிடம் பேசவில்லை. "உங்க பொண்ணு சிரிக்கிற பொண்ணா சார்?" என்று கேட்டார்.

சிரிக்கிற பொண்ணுதான் என்றேன். சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

சிரிக்கவில்லை.

நேற்று அவள் உள்ளே வந்த பிறகுதான் ஒட்டினேன், சீட்டை அவள் பார்க்கவில்லை. இன்று பார்த்திருக்கிறாள். கையில் சீட்டோடு சமையலறைக்கு வந்தாள். நாற்பத்தொன்பது நாளுக்குப் பிறகு பேசினாள்.

"நான் கார்ல உக்காந்திருந்தது உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"வந்து கூப்பிடத் தோணல. நிமிஷம் எண்ணத் தோணிருக்கு."

விளையாட்டுக்குத்தாம்மா என்றேன்.

"எனக்கும் சேத்து ஒரு சீட்டு ஒட்டிடுங்களேன், தேறலன்னு. அதத்தான அன்னைக்கே சொன்னீங்க."

சீட்டை உப்பு ஜாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள். கிழித்துப் போட்டிருந்தால்கூடத் தேவலை. பத்திரமாக மடித்து வைத்துவிட்டுப் போகிறாள்! எனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை? முப்பது வருடமாகப் பிழையை எழுதி எழுதி எனக்கு வேறு எதுவும் எழுத வரவில்லையா?

மார்ச் 13, வெள்ளி

ஷட்டர் திறக்கவே இல்லை. காரைத் தெருவில் நிறுத்திவிட்டு முன்வாசல் வழியாக வந்தாள்.

மார்ச் 14, சனி

மூடியிருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

மனைவி நீளமாகப் பேசினாள். மகள் சொல்லிவிட்டாளாம், ஒன்றாம் தேதி முதல் வெளியே ஒரு அறை. அன்று டீயைப் பாதியில் வைத்துப் போன அந்தப் பெண்ணோடுதான் பங்கு.

"போகட்டும், ஒண்ணும் தப்பில்ல. ஆனா பேசாமப் போனான்னா அப்புறம் பேச்சு வராதுங்க. எங்க வார்டுல தெனம் பாக்கறேன். புள்ளைங்க வந்து நிப்பாங்க, ரெண்டு பக்கமும் வாய் வராது."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அவ கார்ல ஏன் உக்காந்திருந்தான்னு தெரியுமா? உங்ககிட்ட ஏதோ கேக்கணுமாம். என்னன்னு எனக்கும் சொல்லல. எப்படி ஆரம்பிக்கறதுன்னு அங்கயே உக்காந்து சொல்லிச் சொல்லிப் பாப்பாளாம். உள்ள வந்து உங்க மூஞ்சியப் பாத்ததும் எல்லாம் மறந்துடுமாம், ஒருநாள் ஷட்டர மூடறதுகூட."

போனை வைத்த பிறகு கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்த்தேன். நியாயம்தான்.

மார்ச் 16, திங்கள்

மூடியிருக்கிறது. காலையில் கார் முழுக்கக் காக்கை எச்சம். ஒரு வாளி தண்ணீர் எடுத்துப்போய்க் கழுவினேன். மேல் ஜன்னலிலிருந்து பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

நான்கு நாளாக ஒரு பிழையும் இல்லை. சென்சார் வாங்கும்போது இதைத்தானே கேட்டேன்? தராசில் ஒன்றும் வைக்காவிட்டால் அதுவும் பிழையில்லாமல் பூஜ்யம்தான் காட்டும்.

மார்ச் 17, செவ்வாய்

ஆறரைக்கு நானே ஷட்டரைத் திறந்து வைத்தேன். அவள் தெருவிலேயே நிறுத்தினாள். மணி 6.40, 6.50, 7.00 என்று அடித்துக்கொண்டே இருந்தது. 7.15-க்கு மூடினேன்.

மார்ச் 18, புதன்

அதே.

மார்ச் 19, வியாழன்

அதே. தையல்காரர் வேலியோரம் நின்று, "சார், மறுபடியும் தெறந்து கெடக்கு," என்றார். தெரியும் என்றேன். "பூனை வரும்," என்றார். வரட்டும் என்றேன்.

மார்ச் 22, ஞாயிறு

மனைவி போனை எடுத்ததுமே சிரிப்பு. "உங்களுக்கு மறதி வந்துடுச்சான்னு கேக்கறா உங்க பொண்ணு. தெனம் ஷட்டரைத் தெறந்து போட்டுட்டு மறந்துடறீங்களாம். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போலாமாங்கறா."

"மறதியுமில்ல மண்ணாங்கட்டியுமில்ல. அவளுக்காகத்தான் தெறந்து வைக்கறேன்."

"அத எதுக்கு என்கிட்ட சொல்றீங்க? நான் என்ன தபால்காரியா? அவ உங்களுக்கு அடுத்த ரூம்ல இருக்கா."

அடுத்த அறைக்குப் போக எழுந்தேன். கதவு வரை போனேன். உள்ளே ஏதோ அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 23, திங்கள்

காலையில் காபி கலந்துகொண்டிருந்தாள். முதுகைப் பார்த்துச் சொன்னேன். முகத்தைப் பார்த்திருந்தால் நானும் மறந்திருப்பேன்.

"ஆறரைக்கு ஷட்டர் தெறந்திருக்கும். எனக்கு மறதி இல்ல."

"ம்."

கரண்டியால் கலக்கிக்கொண்டே கேட்டாள்.

"எவ்ளோ நேரம் தெறந்திருக்கும்?"

"நீ வர்ற வரைக்கும்."

திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் எனக்கும் ஒரு டம்ளர் காபி மேசைமேல் இருந்தது. சர்க்கரை இல்லாமல், சரியாக.

சாயங்காலம் தெருவில்தான் நிறுத்தினாள்.

மார்ச் 24, செவ்வாய்

தெருவில். பத்து நிமிட மணியை எடுத்துவிட்டேன். யாருக்கு அது?

மார்ச் 26, வியாழன்

6.30 திறந்தேன். 6.42-க்குக் கார் உள்ளே வந்தது.

சமையலறையில் நின்றுகொண்டே இருந்தேன். ஷட்டர் இறங்கும் சத்தம் வரவில்லை. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். உள்ளே வந்தால் என் மூஞ்சியைப் பார்த்து மறந்துவிடுவாள் என்று மனைவி சொன்னது ஞாபகம் வந்தது. காரில் அருகருகே உட்கார்ந்தால் யாரும் யார் மூஞ்சியையும் பார்க்க வேண்டாம். இறங்கிப் போனேன். காரின் மறுபக்கக் கதவைத் திறந்தேன்.

"சீட்டெல்லாம் நாய் முடி. தட்டிட்டு உக்காருங்க."

தட்டாமலே உட்கார்ந்தேன்.

அலமாரியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "அன்னைக்கு நான் பேசினது தப்பும்மா. அதுவும் அந்தப் பொண்ணு முன்னாடி. ரொம்பத் தப்பு."

அவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு வேறு எதையோ ஆரம்பித்தாள்.

"அப்பா, எங்க ஆஸ்பத்திரித் தராசு தப்பா காட்டுது. கால் ஒடஞ்ச நாய் ஒண்ணு வந்துச்சு, நாலு கிலோகூட இருக்காது. காலைல ஒரு எடை, மத்தியானம் ஒரு எடை. முன்னூறு கிராம் வித்தியாசம். எடைய வெச்சுத்தான் மயக்க மருந்து போடறாங்க. டாக்டர்கிட்ட சொன்னா, நேத்து சேந்த பொண்ணுக்கு என்ன தெரியும்னு பாக்கறார். உங்கள வந்து பாக்கச் சொல்லிக் கேக்கலாம்னுதான்… மூணு வாரமா…"

"முன்னூறா? நாலு கிலோ நாய்க்கு முன்னூறா?" என்று கத்திவிட்டேன். அவள் சிரித்தாள். ஷெட்டுக்குள் அந்தச் சிரிப்பு நன்றாகக் கேட்டது.

தராசு சமதளத்தில் இருக்கிறதா, மின்விசிறி மேலே ஓடுகிறதா, எந்த மூலையில் வைத்தால் கூடுகிறது என்று கேட்டேன். எல்லாம் எழுதி வைத்திருக்கிறாள். தேதி, நேரம், எடை, போனில் அழகாக மூன்று கட்டமாக. இதை யாரிடம் கற்றாள் என்று கேட்கவில்லை. சனிக்கிழமை கற்களோடு போகிறேன். தேறாவிட்டால் சிவப்புச் சீட்டை டாக்டர் கண்ணெதிரே ஒட்டுவேன் என்றேன். "அத நான் ஒட்டறேன்," என்றாள்.

ஒன்றாம் தேதி போவது போவதுதான். பெட்டிகளை இந்தக் காரிலேயே கொண்டுபோய் இறக்க வேண்டும், நானும் வர வேண்டுமாம்.

"ரிமோட்டை நான் எடுத்துட்டுப் போலாமா?"

"அது உன்னோடதுதான."

உள்ளே வரும்போது சுவிட்சை அவள்தான் தட்டினாள். ஷட்டர் இறங்கி முடியும்வரை இருவரும் நின்றோம். என் சட்டைப்பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது.

"எத்தனை நிமிஷம்ப்பா?"

பார்க்கவில்லை என்றேன்.

பொய். அறுபத்தொன்று.