எர்ம் ஆற்றின் இந்தக் கரை

எக்ஸிட்டர், 4 மே 1994

அன்புள்ள மேவிஸ் அக்காவுக்கு,

கை நடுக்கத்துக்கு டாக்டர் கொடுத்த புது மாத்திரை கேட்கிறதா? நம் கடலோர நடையின் ஒன்பதாவது கட்டத்துக்குத் திட்டம் போட்டுவிட்டேன். போன வருஷம் எர்ம் ஆற்றுக்கு முன்னால் நிறுத்தினோம், நினைவிருக்கும். அங்கே படகும் இல்லை, பாலமும் இல்லை. கடல் உள்வாங்கி ஆற்றுமுகம் வற்றும் நேரம் பார்த்து ஆற்றில் இறங்கித்தான் கடக்க வேண்டும். இந்த ஓர் இடத்தை மட்டும் டாக்ஸியில் சுற்றிப் போய்விடலாமே. மறுகரைப் படியெல்லாம் பாசி பிடித்துக் கிடக்கிறது.

உன் தங்கை,
ஹிலரி

பிளிமத், 9 மே

அன்புள்ள ஹிலரி,

மாத்திரை கேட்கிறது, நீதான் சொன்ன பேச்சு கேட்பதில்லை. விட்ட இடத்தில் தொடங்கி ஓர் அடிகூட விடாமல் நடப்பது என்றுதானே பேச்சு? டாக்ஸியில் போனால் அது என்ன நடை? அது கிடக்கட்டும். மறுகரையில் பாசி இருப்பது உனக்கு எப்படித் தெரியும்? என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாயா? எனக்கு வயிறு எரிகிறது.

மேவிஸ்

எக்ஸிட்டர், 14 மே

அன்புள்ள அக்கா,

ஆமாம், ஈஸ்டர் லீவில் போனேன். உன் கால் தாங்குமா என்று பார்க்கத்தான். தண்ணீர் எனக்கே இடுப்பு வரை வந்து இழுத்தது. மறுகரையைத் தொட்டதும் திரும்பி இந்தக் கரைக்கே வந்துவிட்டேன். நாயோடு நின்ற ஒருவர், "தனியாவா வந்தீங்க?" என்றார். "அக்கா இனிமே நடக்க மாட்டாங்க" என்று என் வாயில் வந்துவிட்டது. அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

ஹிலரி

பிளிமத், 23 மே

ஹிலரி,

ஊர் பேர் தெரியாத ஆளிடம் என் கதையை முடித்துவிட்டாய். டாக்டர்கூட இன்னும் அப்படிச் சொல்லவில்லை. பயம் எனக்கும் இருக்கிறது. இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் இந்தக் கால் என் பேச்சைக் கேட்காது. வியாழக்கிழமை தனியாகவே கடக்கப்போகிறேன். தண்ணீர் வற்றுவது பன்னிரண்டேகாலுக்கு என்று கடல் ஏற்ற இறக்க நேரம் போட்ட புத்தகத்தில் பார்த்துவிட்டேன். அப்போது இறங்குவேன். போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன்.

மேவிஸ்

எக்ஸிட்டர், 25 மே, புதன் இரவு

அக்கா,

உன் கடிதத்தை வேலையிலிருந்து வந்து இப்போதுதான் பார்த்தேன். போன் அடித்து அடித்து ஓய்ந்துவிட்டேன். புத்தகத்தில் இருப்பது குளிர்கால மணி. கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளி வைக்கிறோமே, அதற்காக ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். எட்டு வருஷமாக, "கூட்டினியாடி? கூட்டினியா?" என்று என்னை நச்சரித்தது நீதானே. பன்னிரண்டேகாலுக்கு ஆறு இன்னும் கடலுக்குள் இழுத்துக்கொண்டிருக்கும்.

கடைசி பஸ் போய்விட்டது. காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். நீ வீட்டில் இருந்தால் இதைக் கையில் தருவேன். கிளம்பிவிட்டிருந்தால் இது உன் கதவடியில் கிடக்கும், நான் ஆற்றுக்கு ஓடிக்கொண்டிருப்பேன்.

கோபம் அப்படியே இருக்கட்டும். டாக்ஸி வேண்டாம். ஒன்றேகாலுக்கு நானும் உன்னோடு இறங்குகிறேன். அதுவரை தண்ணீரில் கால் வைக்காதே, அக்கா.

ஹிலரி