முசியே தூக்கச் சொன்ன பெட்டி

புதுச்சேரி,
14 நவம்பர் 1931

அன்புள்ள அப்பாவுக்கு, மகன் கிறிஸ்துதாஸ் வணங்கி எழுதுவது. மாதா தயவில் நலமாக இருக்கிறேன். உங்கள் மூச்சிரைப்பும் அம்மாவின் கால்வீக்கமும் குறைந்தனவா?

நான் வேலை பார்த்த வங்கியை மூடிவிட்டார்கள். பயப்படாதீர்கள், சாப்பாட்டுக்குக் குறைவில்லை. கோபம்தான் அடங்கவில்லை. பாரீசு, லண்டன் வங்கி முதலாளிகளின் படங்களைச் சுவரில் மாட்டி, "வங்கின்னா நம்பிக்கைதான். உலகத்துக்கே அதைக் கத்துக்குடுத்தவங்க இவங்க" என்பார் எங்கள் வங்கித் துரை, முசியே. அந்தப் படங்களைத் தினமும் துடைத்தவன் நான்.

திங்கட்கிழமை, போட்ட பணத்தைத் திருப்பிக் கேட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. முசியே தன் மனைவியின் நகைப்பெட்டியைக் கூட்டத்தின் நடுவே தூக்கி வரச் சொன்னார். அது காலிப் பெட்டி. "பாரமா இருக்கிற மாதிரி தூக்குடா" என்றார். நானும் முதுகை வளைத்துத் தூக்கினேன். "அவுங்க ஊட்டு நகையே இங்கதான் வருது, வாங்க போவலாம்" என்று வீராம்பட்டினத்து மீன்காரி அஞ்சலாட்சி மற்றவர்களையும் அழைத்துக்கொண்டு போனாள். வியாழக்கிழமை அந்த ஆள் கப்பலேறி ஓடிவிட்டான்.

நேற்று அவளை மார்க்கெட்டில் பார்த்தேன். "பொட்டி கனமாத்தான இருந்துச்சி தம்பி?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன், அப்பா. அவனை விட என் மேல்தான் எனக்கு ஆத்திரம்.

என்னிடம் வங்கியில் கொடுத்த சட்டைகள்தான் இருக்கின்றன. உங்கள் பழைய சட்டை ஒன்றை உடனே அனுப்புங்கள். தபால் கட்டும் நேரமாகிவிட்டது. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அஞ்சலாட்சியிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும்.

உங்கள் மகன்,
கிறிஸ்துதாஸ்