இருபத்தெட்டு மரமும் காற்றில் விழுந்ததாம்

நடுப்பாளையம்,
யுவ வருஷம், ஐப்பசி மாதம் 14.

பட்டணத்தில் கட்சி வேலையாக இருக்கும் என் மகன் சென்னியப்பனுக்கு, உன் தகப்பன் மருதாசலம் ஆசி சொல்லி எழுதச் சொன்னது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் உன் சம்சாரம் சௌந்திரம். கூட்டாமல் குறைக்காமல் எழுது என்று சொல்லியிருக்கிறேன். சில இடத்தில் கை நின்றுவிடுகிறது. அதட்டினால் எழுதுகிறாள்.

இங்கே இரண்டு உழவுக்கு மழை பெய்தது. மேட்டுக் காட்டில் கொள்ளு விதைத்தாயிற்று. செவலைப் பசு கிடாரி போட்டது. உன் மகள் ஆத்தாயிக்கு முன்பல் விழுந்துவிட்டது. உன்னிடம் காட்ட வேண்டுமென்று அதைத் துணியில் முடிந்து வைத்திருக்கிறது. எனக்கு முழங்கால் வலி தவிர உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுக்குத்தான் ஒன்றும் பிடிபடவில்லை.

நீ எழுதிய இரண்டு காகிதமும் என் தலைமாட்டில் இருக்கின்றன. முதல் காகிதம் ஆவணியில் வந்தது. சங்ககிரி ரோட்டில் ஜில்லா போர்டுக்குச் சொந்தமான புளியமரம் இருபத்தெட்டை மெம்பர் வீரபாகு வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகாக விற்றுவிட்டு, எல்லாம் காற்றில் விழுந்ததாகக் கணக்குக் காட்டியிருக்கிறார், எதிர்க்கட்சியாக இருந்துகொண்டு நாம் இதைக் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது என்று எழுதியிருந்தாய். முப்பத்துநாலு வருஷம் அந்த ரோட்டுக்கு மேஸ்திரியாக இருந்தவர் நீங்கள், ஒரு மரம் விடாமல் நினைவிருக்கும், சந்தைக் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள் அப்பா என்றாய்.

சொன்னேன். மரத்தில் தாரால் போட்டிருந்த நம்பர் எனக்குப் படிக்கத் தெரியாது. நான் வைத்த பேர்தான் எனக்குத் தெரியும். வண்டிமேல் ஏறி நின்று, மைல்கல்லிலிருந்து வரிசையாகச் சொன்னேன். குடைமரம், இடிவாங்கி, கோணக்கை, தேன்கூட்டு மரம், சந்தைக்காரி என்று ஆரம்பித்ததும் ஜனங்கள் சிரித்தார்கள். பத்துக்கு மேல் போனபோது சிரிப்பு நின்றுவிட்டது. கூடை சுமந்து வந்த பொம்பளைகள், ஆமாங்க, கோணக்கையில் எங்கள் பிள்ளைக்குத் தூளி கட்டினோம் என்று கூடவே சொல்ல ஆரம்பித்தார்கள். உன் கட்சிக்காரர்கள் எனக்கு மாலை போட்டார்கள். அதன் பேரில்தான் விசாரணை உத்தரவாயிற்று. வருகிற வெள்ளிக்கிழமை பிரயாணிகள் பங்களாவில் ஆபீசர் முன்னால் நான் ஆஜராக வேண்டும். சம்மன் வந்துவிட்டது.

இரண்டாவது காகிதம் போன வாரம் வந்தது. வீரபாகு தன் கட்சியை விட்டுவிட்டு நம் கட்சிக்கு வருகிறார், பன்னிரண்டு ஊர் அவர் பேச்சைக் கேட்கும், அதனால் ஆபீசரிடம், வயசாகிவிட்டது, மரம் ஒன்றும் நினைவில்லை, சந்தையில் பேசியது யாரோ சொல்லிக் கொடுத்தது என்று சொல்லிவிடுங்கள் என்று சௌந்திரம் வாசித்தாள். பிசகாக வாசிக்கிறாய் என்று அவளைக் கோபித்துக்கொண்டேன். மறுபடி வாசித்தாள். அதுவே வந்தது. பொம்பளைப் பிள்ளைக்கு என்ன எழுத்துத் தெரியும் என்று சொல்லிவிட்டு, நம் ஊர்க் கிளைக் காரியதரிசி செங்கோடன் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவனும் அதையேதான் வாசித்தான். குடித்துக்கொண்டிருந்த மோரைப் பாதியில் வைத்துவிட்டான். திரும்பி வந்து சௌந்திரத்திடம், நான் பேசியது தப்பு என்று சொன்னேன். இதை எழுத மாட்டேன் என்கிறாள். எழுது அம்மா.

செங்கோடன் சொல்வது, வெட்டினவனை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டால் நாளைக்குச் சந்தையில் எந்த முகத்தோடு நிற்பது என்று. கூட இருக்கிற கண்ணுசாமி சொல்வது வேறு. வீரபாகு வராவிட்டால் நாம் தோற்போம், அவரே மெம்பராக இருந்து மிச்ச மரத்தையும் வெட்டுவார். வந்தால் நாம் ஜெயித்து மரம் வைக்கலாம், அவரையும் கண்ணெதிரில் வைத்திருக்கலாம் என்கிறான். செங்கோடன் பேசும்போது அவன் சொல்வது சரியாக இருக்கிறது. கண்ணுசாமி பேசும்போது அதுவும் சரியாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து படுத்தால் இரண்டும் இல்லை. மரத்தை வெட்டியது அந்தக் கட்சியா, அந்த ஆளா? கட்சியென்றால் நாம் சந்தையில் அவர் பேரைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆள் என்றால், அவர் துண்டு மாற்றிக்கொண்டதும் மரம் எப்படி முளைக்கும்? இதை யாரைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

முந்தாநாள் அவரே வந்தார். கஞ்சி விறைப்புப் போகாத புதுக் கதர். முன்னெல்லாம், ஏய் மேஸ்திரி என்று வண்டியிலிருந்தே கூப்பிடுவார். இப்போது வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"ஏனுங்க மாமா, பெருங்காத்து அடிச்சா மரம் உழுகாதுங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"உழுகுமுங்க சாமி. காத்துல உழுந்தா வேரோட வருமுங்க. அங்க அடிக்கட்டை இருபத்தெட்டும் மட்டமா நிக்குதுங்களே" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்தவில்லை. உங்கள் மகன் பெரிய இடத்துக்கு வர வேண்டிய பிள்ளை, அதை நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, சௌந்திரம் கொடுத்த தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டுப் போனார். பயமுறுத்தினாரா, பிரியமாகச் சொன்னாரா என்பதுகூட எனக்கு விளங்கவில்லை.

நீ சொன்னபடி சொல்லலாம் என்றுதான் பார்த்தேன், சாமி. உனக்குக் கெடுதல் வரும்படி நான் எதுவும் செய்வேனா? சௌந்திரத்தை ஆபீசர் மாதிரி உட்காரவைத்து, கேள் அம்மா என்றேன். எத்தனை மரம் என்று கேட்டாள். நினைவில்லைங்க என்று வாய் திறந்தேன். குடைமரம் என்று வந்துவிட்டது. அது வந்தால் இடிவாங்கி வரும், அப்புறம் கோணக்கை. நடுவில் நிறுத்த எனக்கு வரவில்லை. மூன்று தடவை பார்த்தோம். மூன்று தடவையும் இருபத்தெட்டில்தான் போய் நின்றது.

பத்தொன்பதாவது மரத்துக்கு நான் வைத்த பேர் மருத்துவச்சி. உன் அம்மாவை வண்டியில் ஏற்றி அவள் தாய் வீட்டுக்குக் கூட்டிப் போகும்போது வலி கண்டு, அந்த மரத்தடியில்தான் நீ பிறந்தாய். சித்திரை வெயில், உன்மேல் ஒரு பொட்டு வெயில் விழவில்லை. சந்தையில் அந்த மரம் வந்தபோது, இங்கேதான் என் மகன் பிறந்தான் என்று பெருமையாகச் சொன்னேன். நினைவில்லை என்று ஆபீசரிடம் சொன்னால் அதையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும். அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விடுவதற்கு ஏதாவது வழி இருந்தால் நீ படித்தவன், எழுது.

எழுதாவிட்டாலும் பரவாயில்லை, வா. வியாழக்கிழமை ரயிலுக்கு சங்ககிரி ஸ்டேஷனுக்கு வண்டியோடு வந்து நிற்பேன். மறுநாள் பங்களாவில் என் பக்கத்தில் நீ நில். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, சொல்லாதீர்கள் அப்பா என்று சொல். அப்போது என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

நோய்நொடி இல்லாமல் நீ நூறு வயசு இருக்க வேண்டும். வரும்போது மறக்காமல் குடை எடுத்துக்கொண்டு வா. ஸ்டேஷனிலிருந்து ஊர் வரைக்கும் இப்போது நிழல் இல்லை.

இப்படிக்கு,
உன் தகப்பன்
மருதாசலம் (கைநாட்டு)