முத்திரை வைக்காமல் போன அக்காவுக்கு

என் சுமதியக்கா,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. நேராகச் சேதிக்கு வருகிறேன். நீ சகானா ராகத்தில் செய்த பாட்டை இப்போது நிறையப் பேர் பாடுகிறார்கள். நீ ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் வாயிலிருந்து அது ஊர் பூராவும் போய்விட்டது. செய்தது யார் என்றுதான் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

போன மாதம் நம் வேலம்பாளையத்தில் முருகனுக்கு விசேஷம். கச்சேரியில் பாடகர் அதை எடுத்ததும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாடி முடித்து அவர் மைக்கில் சொன்னார்: "ரொம்பப் பழைய பாட்டுங்க. பெரியவங்க யாரோ செஞ்சு வெச்சுட்டுப் போயிருக்காங்க." கூட்டம் கைதட்டியது. அம்மா முந்தானையைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

பழைய பாட்டா? பகலெல்லாம் பனியன் கம்பெனியில் வெளிநாட்டுக்காரனுக்கு மெயில் எழுதி, சாம்பிள் அனுப்பி, திரும்பி வரும் கம்பெனி பஸ்ஸில் நீ முணுமுணுத்துச் செய்தது. பக்கத்து சீட்டில் தூங்கி விழுந்தவன் நான்.

மேடைக்கே போய்விட்டேன். "ஏனுங்க, இது எங்கக்கா பாட்டுங்க. பழசெல்லாம் இல்லீங்க."

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "அப்படீங்களா தம்பி? முத்திரை இல்லீங்களே. கடைசிச் சரணத்துல செஞ்சவங்க பேரு வந்திருந்தா நானே சொல்லியிருப்பனுங்க. நீங்க சொல்றத நான் நம்பறனுங்க. நாளைக்கு இன்னொருத்தரு வந்து என்னுதுன்னா?"

இதைத்தானே அன்றைக்கே உன்னிடம் சொன்னேன், பேரைப் போடு என்று? நீ சிரித்தாய். "ஏண்டா, பனியன் கழுத்துல லேபிள் தெக்கிற ஊர்ல பொறந்துட்டா பாட்டுக்கும் தெக்கோணுமா?" நானும் விட்டுவிட்டேன். அடுத்த வருஷமே புற்றுநோய் வரும் என்று யார் கண்டது?

நான் நிட்டிங் மெஷின் சர்வீஸ் பண்ணுகிறவன். ஊசி உடைந்தால் மாற்றுவேன், துணி ஓடும். அப்படித்தான் இதையும் யோசித்தேன். 'எளியேன் பணியும் வேலவா' என்று முடிகிறதே, அதில் எளியேனை எடுத்துவிட்டுச் சுமதியை வைத்தேன். கடைசி எழுத்தைக் கொஞ்சம் நீட்டினால் தாளத்தில் உட்கார்ந்துவிடுகிறது. பாடகருக்குப் போன் போட்டேன். "சரியா வருதுங்க. நல்லாப் பாடறவங்கள வெச்சுப் பதிவு பண்ணி அனுப்புங்க, அப்படியே பாடிடறேன்" என்றார்.

அம்மாவை விட்டால் யார் இருக்கிறார்கள்? நீ எதைச் செய்தாலும் முதலில் அவளுக்குத்தானே சொல்லிக்கொடுப்பாய்.

கரண்ட் போய்ப் பக்கத்துப் பனியன் யூனிட்டின் மெஷின் சத்தம் அடங்கிய ஒரு மத்தியானம் உட்கார்ந்தோம். பல்லவி சுத்தம், அனுபல்லவி சுத்தம். சரணத்தில் 'சு' என்று எடுத்தவள் நின்றுவிட்டாள்.

"தண்ணி குடு கண்ணு."

குடித்தாள். மறுபடி எடுத்தாள். மறுபடி அதே இடம்.

"ஒரே ஒரு வார்த்தைம்மா. கரண்ட் வந்துரும்."

"அது உனக்கு வார்த்தையாடா?" என்றாள்.

அவள் உன்னைக் கூப்பிடும் பழைய வாய்ஸ் மெசேஜ் ஒன்று என்னிடம் இருக்கிறது. 'சுமதீ, சாப்பிட்டயா?' அதிலிருந்து பேரை மட்டும் வெட்டி ஒட்டப் பார்த்தேன். ஒட்டவில்லை. அதில் நீ இன்னும் கம்பெனியில் இருக்கிறாய், அம்மாவுக்கு ஒரு கவலையும் இல்லை. அந்தக் குரலைக் கொண்டுவந்து எந்த ராகத்தில் சேர்ப்பது?

கடைசியில் அவளே கேட்டாள். "அவ வெச்சபடியே பாடட்டுமா சாமி?" பாடினாள். எளியேனில் நிற்கவில்லை. முடிவுவரை போனாள். பதிவை நிறுத்த எனக்குக் கை வரவில்லை.

அதனால் உன் பேர் அந்தப் பாட்டுக்குள் வராது அக்கா. அம்மா பாட முடியாத பாட்டாக அதை ஆக்க எனக்கு மனசில்லை. யார் எங்கே பாடுவதாகக் காதில் விழுந்தாலும் நான் போய் நிற்பேன். ஆரம்பிக்கும் முன் மைக்கை வாங்கி, இதைச் செய்தது சுமதி, எங்கக்கா என்று சொல்லிவிட்டு இறங்குவேன். தராவிட்டால் கீழே நின்று கத்துவேன், அது எனக்கு நன்றாக வரும்.

எனக்குத் தெரியாமல் பாடுகிற இடங்களில்? எனக்கப்புறம்? அதற்கு என்னிடம் வழி இல்லை. இருக்கிறவரை சொல்கிறேன்.

உன் கூடப்பிறந்த,
அவசரக்காரத் தம்பி