ஓடினால் ஆற்று மீன்

பாய்,

நேற்று தருமபுரி கடைத்தெருவில் மாட்டுத்தீவனக் கடையைத் தாண்டிப் போனேன். ஊறிய கடலைப் புண்ணாக்கின் வாசனை மூக்கில் ஏறியதும் கால் தானாக நின்றுவிட்டது. கடைக்காரர், "எத்தினி மாடு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். மாடு இல்லை, ஒரு சிநேகிதர் இருந்தார் என்று சொன்னால் அந்த மனிதர் என்ன நினைப்பார்? கால் கிலோ வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அது சமையலறை ஜன்னலில் இருக்கிறது. என் மனைவி அதைப் பார்த்தாள். இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போகும் முதல் பேருந்தில், தூண்டில் இரைக்குப் பிசைந்த புண்ணாக்கும் இந்த வாசனையுமாக ஏறியவர்கள் நாம் மூன்று பேர். மெத்தைக் கடைக்காரரான உங்கள் புருவத்தில் வாரம் முழுக்க அடித்த பஞ்சு ஒட்டிக்கொண்டே இருக்கும். பொம்மிடி ரயில் நிலையத்தில் வேலை பார்த்த கோவிந்தசாமி, தண்டவாளத்தைப் பார்ப்பது போலவே ஆற்றையும் முறைத்துப் பார்ப்பார். நான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. கோவிந்தசாமி வீசினால் மீன் விழும். நீங்கள் பொறுத்திருந்து பெரிய மீனாகப் பிடிப்பீர்கள். என் தூண்டிலில் நண்டும் பழைய செருப்பும் ஒருமுறை நான் போட்டிருந்த சட்டையும் மாட்டியிருக்கின்றன.

பிறகு உங்களுக்கு வாதம் அடித்தது. சில மாதங்களில் எழுந்து நடமாடினீர்கள். வலது கை மட்டும் பாதிதான் திரும்பி வந்தது. இடது கையால் வீசப் பழகினீர்கள். தூண்டில் நரம்பு பாறையில் விழும், மரத்தில் விழும், என் தலையில் விழும். மீன் மட்டும் விழவில்லை. கேட்டால், "நான் காத்து வாங்க வந்தேன் கிளார்க் சார், மீனெல்லாம் உங்களுக்குத்தான்" என்பீர்கள். நம்பியிருப்பேன். ஆனால் உங்கள் வீட்டம்மா என் மனைவியிடம், "கடையில ஆளில்லாதப்ப அளவுக் குச்சிய எடுத்து இடது கையால வீசிப் பாக்கறாருங்க. ஒரு மீனாவது அந்தக் கையில வந்துட்டா மனுசன் தேறிடுவாரு" என்று சொல்லிவிட்டார்கள். என் மனைவியிடம் சொன்னது என்னிடம் சொன்னது மாதிரி. என்னிடம் சொன்னது கோவிந்தசாமியிடம் சொன்னது மாதிரி. ஆக, அடுத்த ஞாயிறு பேருந்து ஏறும்போது உங்களுக்கு ஒரு மீன் விழ வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் சொந்தக் கவலையாகியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மீன்துறைக்காரர்கள் ஆற்றில் பண்ணை ரோகு விட்டார்கள். தொட்டியில் ஒரு சாண் நீளம் வளர்த்து, அடையாளத்துக்கு வயிற்றுத் துடுப்பின் ஓரத்தைக் கத்தரித்து விட்ட மீன்கள். பிறந்ததிலிருந்து ஆள் கையால் தவிடு தின்று வளர்ந்தவை. நம் நிழல் தண்ணீரில் விழுந்ததும் ஆற்றுக் கெண்டை அரண்டு ஓடும். இவையோ கூட்டமாக வந்து, பந்தியில் இலைக்குக் காத்திருப்பவர்கள் போல வாயைத் திறந்துகொண்டு நிற்கும்.

கோவிந்தசாமிக்குக் கொண்டாட்டம். நீங்கள் தூண்டிலைச் சுருட்டிக் கீழே வைத்தீர்கள்.

"என்ன பாய், வீசுங்க. கையெட்டற தூரத்துல நிக்குது."

"அதான் வீசல. சோறு போடுவான்னு நம்பி வருது. அது வாயில முள்ள வெக்கறதுக்கு எனக்குக் கை வராதுங்க."

"ஆத்துல வுட்டாச்சுன்னா எல்லாம் ஆத்து மீனுதான். குழம்புல போட்டா எதுங்க பண்ணை, எது ஆறு?"

"குழம்புக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரியுமே."

"அப்ப மண்புழுவக் காட்டி ஆத்து மீன ஏமாத்தறது மட்டும் நாயமா?"

"அது என்னையப் பாத்து பயப்படுது. நான் அதுக்குத் தெரியாம ஒளிஞ்சிக்கறேன். ரெண்டு பேருக்கும் சரிக்குச் சரி."

இந்த வழக்கு ஒகேனக்கல்லில் தொடங்கி, பென்னாகரம் டீக்கடையில் வாய்தா வாங்கி, தருமபுரி பஸ் நிலையம் வரை நடக்கும். நான் இரண்டு கட்சிக்கும் வக்கீல். கோவிந்தசாமி பொம்மிடி பஸ் ஏறியதும் உங்களிடம், "உங்க நாயம்தான் நாயம்" என்பேன். அவரைத் தனியாகப் பார்க்கும்போது, "பாய்க்கு வேற வேலை இல்லைங்க" என்பேன். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோகும்போது வழியில் கொஞ்சம் மசாலாவும் சேர்த்துக்கொள்வேன்.

ஒரு ஞாயிறு நீங்கள் மடி நிறைய கூழாங்கல் பொறுக்கிக்கொண்டு பாறையில் ஏறினீர்கள். மீன்களுக்கு மனிதன் மேல் பயம் வர வைக்கப் போவதாகச் சொன்னீர்கள். "பயம் வந்துருச்சுன்னா அதுவும் ஆத்து மீனு. அப்பறம் நானும் வீசுவேன்." வாரா வாரம் முதலில் கல்லெறி, பிறகுதான் தூண்டில் என்று நமக்கு ஒரு சட்டமும் போட்டீர்கள். மெத்தைக் கடை முதலாளி ஒருவர் இடது கையால் காவிரிக்குக் கல்லடிப்பதைப் பரிசலில் போகிறவர்கள் துடுப்பை நிறுத்திப் பார்த்தார்கள். நான் உங்களைத் தெரியாதவன் போல எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வேன்.

நாம் மூவரும் யோசிக்காத ஒன்று உண்டு. தண்ணீரில் 'பொளக்' என்று எது விழுந்தாலும் அந்த மீன்களுக்கு அது தவிட்டு உருண்டை. முதல் வாரம் கல்லுக்குப் பத்துப் பதினைந்து வந்தன. போகப் போக, நீங்கள் கையை ஓங்கும்போதே மீன் கூட்டத்தால் கரையோரம் கறுத்தது. கோவிந்தசாமி உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "போடுங்க பாய், நல்லா போடுங்க" என்று சொல்லிச் சொல்லிக் கூடையை நிரப்பினார்.

அன்றைக்குத் திரும்பும்போது நீங்கள் முன் சீட்டில் தனியாக உட்கார்ந்தீர்கள். அடுத்த சில வாரங்கள் நீங்களும் அவரும் பேசவில்லை. கேட்க வேண்டியதை என் மூலம் கேட்பீர்கள். "தீப்பெட்டி இருக்கான்னு அவரக் கேளுங்க கிளார்க் சார்." அவர் உங்கள் பக்கத்திலேயேதான் நிற்பார். நான் கேட்டு, வாங்கி, கொடுப்பேன். ஆட்டம் இத்தோடு கலைந்துவிடும் என்றுதான் நினைத்தேன். நீங்கள் வராமல் இருந்திருந்தால் அந்தக் கை கடையிலேயே அளவுக் குச்சியோடு முடிந்திருக்கும்.

ஆனால் வந்தீர்கள். எங்களை விட்டுத் தள்ளி, தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடுகிற பாறை இடுக்கில் வீசினீர்கள். தவிடு தேடும் மீன் அந்த இழுப்பில் நிற்காது என்பது உங்கள் கணக்கு.

மழை முடிந்து ஆறு தெளிந்த ஒரு காலையில் உங்கள் தக்கை முங்கியது. நீங்கள் கத்தவில்லை, கோவிந்தசாமிதான் எழுந்து ஓடினார். நரம்பு பாறையைச் சுற்றிக்கொண்டு போனது. இடது கையில் இழுத்தீர்கள், வலது முழங்கையால் கழியை வயிற்றோடு அணைத்துக்கொண்டீர்கள். "குடுங்க பாய், நான் புடிக்கறேன்" என்று அவர் கை நீட்டினார். "தொடாதீங்க" என்றீர்கள். அத்தனை வாரத்துக்குப் பிறகு அவரிடம் நேராகப் பேசிய முதல் சொல் அதுதான்.

மீன் கரைக்கு வந்தது. கோவிந்தசாமி தண்ணீரில் இறங்கி இரண்டு கையாலும் ஏந்தித் தூக்கினார். ரோகு.

"ஆத்து மீனு பாய். நல்லா பாத்துக்கங்க, அசல் ஆத்து மீனு."

பண்ணைக்கும் ஆற்றுக்கும் வித்தியாசமே இல்லை என்று வருஷம் முழுக்க வாதாடிய மனுஷன் அவர், பாய். பொய் சொல்லும்போது குரல் ரயில் அறிவிப்பு மாதிரி கம்பீரமாகிவிட்டது.

நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டே அவர் கையைப் பார்த்தீர்கள். "கட்டவெரல எடுங்க."

"வழுக்கும் பாய்."

"எடுங்க கோவிந்தசாமி."

எடுத்தார். வயிற்றுத் துடுப்பின் ஓரம் கத்தரித்தாற்போல மொட்டையாக இருந்தது. கோவிந்தசாமி மெதுவாகச் சொன்னார்: "இழுப்புல நின்னுச்சு பாய். முள்ளோட சண்ட போட்டுச்சு. இன்னும் என்னங்க வேணும்?"

நீங்கள் முள்ளை எடுத்துவிட்டு, முழங்கால் தண்ணீரில் மீனை வைத்து, ஓடிவிடாமல் அதன் வயிற்றில் கை கொடுத்துக்கொண்டு தீர்ப்பைச் சொன்னீர்கள்.

"கைய எடுக்கறேன். ஓடுனா அது ஆத்து மீனு, நான் புடிச்சது நாயம். நின்னா பண்ணை மீனு, கொண்டு போகக் கூடாது."

"ரெண்டுலயும் குழம்பு இல்லைங்களே பாய்" என்றேன் நான்.

"நீங்க சும்மா இருங்க கிளார்க் சார்."

கையை எடுத்தீர்கள். மீன் கொஞ்சம் நின்றது. செவுள் இரண்டு முறை திறந்து மூடியது. கோவிந்தசாமி பல்லைக் கடித்துக்கொண்டு, "ஓடு சனியனே" என்றார். வால் ஒரு அடி அடித்தது; உங்கள் சட்டையெல்லாம் தண்ணீர். மீன் இல்லை.

"ஆத்து மீனுதான்" என்று சொன்னீர்கள். உங்கள் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். கோவிந்தசாமி அதைப் பிடித்துக் குலுக்கினார். அன்று மதியம் உங்கள் வீட்டில் முட்டைக் குழம்பு. பரிமாறும்போது உங்கள் வீட்டம்மா உங்கள் முகத்தைப் பார்த்தார்கள். மீன் எங்கே என்று கேட்கவே இல்லை.

நீங்கள் போய்ப் பல வருஷம் ஆகிறது. கோவிந்தசாமி ஓய்வு பெற்று மகன் வீட்டோடு இருக்கிறார். போன முறை போனபோது அந்த ரோகுவைப் பற்றிக் கேட்டேன். "எந்த ரோகு?" என்றார். அவருக்கு இப்போது என்னையே சில நாள் தெரிவதில்லை.

ஆக, அந்த மீனுக்கு நான் ஒருவன்தான் சாட்சி. குமாஸ்தா வேலை முடிந்த பிறகு மேடையில் சிரிக்க வைத்தே பிழைப்பவன். என் கதையில் வரும் பூனையெல்லாம் புலி அளவு இருக்கும் என்று ஊருக்கே தெரியும். இதைச் சொன்னால் சிரித்துவிட்டு, "மீன் எங்கேங்க?" என்கிறார்கள். ஓடிவிட்டது, அதனால்தான் அவர் பிடித்தார் என்கிறேன். இன்னும் சிரிக்கிறார்கள்.

எவ்வளவு பெரிய மீன் என்று கேட்பவர்களும் உண்டு. அப்போது என் இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வலது கையால் தொட்டுக் காட்டுகிறேன். இத்தனை வருஷத்தில் ஒரு விரற்கடைகூட நான் கூட்டியதில்லை, பாய்.